நான் பிடுங்காத வால்

எங்கள் குடும்பத்தில் யார் கல்யாணமாக இருந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது என் தம்பி அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். "எங்கக்கா சின்ன வயசுல எங்கப்பா வளத்த சேவலோட வாலைப் புடுங்கிட்டா" என்பான். சம்பந்தி வீட்டார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு டீச்சரம்மா, மூக்குக்கண்ணாடியும் முழங்கால் வலியுமாக உட்கார்ந்திருப்பவள், இவளா என்று பார்ப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் இன்னுமா கோபம் என்று அதற்கு வேறு ஒரு சிரிப்பு கிளம்பும்.

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நாம் வளர்ந்த காலத்தில் வீட்டில் விசாரணை என்று ஒன்று கிடையாது. இன்ன பிள்ளைதான் இன்னதைச் செய்தது என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிட்டால் அவ்வளவுதான். பாத்திரத்தில் பேர் வெட்டிய மாதிரி அது நம் மேலேயே இருந்துவிடும். உங்களில் யார் யார் எந்தெந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டு பேரன் பேத்தி எடுத்தீர்களோ, எனக்குத் தெரியாது. என் கணக்கை மட்டும் சொல்கிறேன். அந்த வாலை நான் பிடுங்கவில்லை.

அப்பா குவைத்தில் வேலை பார்த்தார். எனக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அவர் ஒரு குரல்தான். கேசட்டில் பேசி அனுப்புவார். அம்மா அதை டேப்ரிகார்டரில் போட்டுவிட்டு முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "பாப்பா நல்லாப் படிக்கிறியா" என்று குரல் கேட்கும். படிக்கிறேன் என்று நான் பெட்டிக்குப் பதில் சொல்வேன். அங்கே சண்டை மூண்ட வருஷம், புரட்டாசியில், அந்தக் குரல் அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியது. பாலைவனத்தில் லாரியில் வந்து, எங்கேயோ கூடாரத்தில் கிடந்து, கையில் ஒரு பூப்போட்ட கம்பளிப் போர்வையோடு வந்து நின்றார். போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். தம்பி பயந்துபோய் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டான்.

வந்தவர் சும்மா இருந்தார். அதுதான் எங்களுக்கு முதல் எரிச்சல். கடலைக்குக் களையெடுக்க ஆள் விட்டதும் அம்மா, கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சும் முறைக்குப் போய்ச் சண்டை பிடித்ததும் அம்மா. அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். யாராவது சைக்கிள் டயர் வெடித்தால்கூட எழுந்து உள்ளே வந்துவிடுவார். அந்தப் பயத்தை அப்போது யாரும் பயம் என்று சொல்லவில்லை. சோம்பேறித்தனம் என்றார்கள். நானும் அதையே நம்பினேன்.

தை பிறந்ததும் யாரோ அவரிடம் கிளிமூக்குச் சேவலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். கிளியைப் போல வளைந்து கட்டையான மூக்கு, பின்னால் விசிறி மாதிரி நீண்டு தொங்கும் வால். சண்டைக்கு விடுகிற சாதி இல்லை. வளர்ப்பவர்கள் ஒரு இடத்தில் கூடி, வாலையும் மூக்கையும் கண்ணையும் பார்த்து, எது நல்லது என்று பேசிக்கொள்வார்கள். வேலை அவ்வளவுதான். கேட்டதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அதைப் பார்த்தே அம்மா சரி என்று சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன். போகும்போது என்னையும் கூட அனுப்பினாள். "அப்பனும் மகளும் ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு வாங்க" என்றாள்.

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொடும்பாளூருக்கு ஒரு பஸ். வழியில் அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. வாந்தி வருகிறதா என்று கேட்டார். கொடும்பாளூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் சேவல்காரர் இருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். உயரமான கட்டையில் அந்தச் சேவல் நின்றது. ஒளிக்காமல் சொல்கிறேன், அழகுதான். கழுத்தும் முதுகும் தேய்த்து வைத்த செம்பு மாதிரி. வால் கறுப்பு, வெயில் பட்டால் நீலமும் பச்சையும் ஓடும். அதில் நடுவில் இருந்த இரண்டு இறகுகள் மட்டும் மற்றதையெல்லாம் மீறி என் கை நீளத்துக்கு மேல் வளைந்து தொங்கின. எனக்கும் அப்போது இடுப்புக்குக் கீழே வரும் முடி. அந்த இறகுகளைப் பார்த்ததும் என் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சேவல்காரர் சொன்ன எல்லாவற்றையும் அப்பா வேதம் மாதிரி கேட்டுக்கொண்டார். அதில் ஒன்றுதான் எங்கள் வீட்டை அரித்தது. "இது நாட்டுக்கோழி இல்லைங்க" என்றார் அவர். "நாட்டுக்கோழிதான் வருசா வருசம் எறகு கொட்டும். இதுக்கு வாலு வளரும், விழாது. விழுந்துச்சுன்னா வளக்குறவன் கையில கோளாறுன்னு அர்த்தம்."

திரும்பி வரும்போது எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. அப்பா மடியில் சேவல். அதன் வால் தரையில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில். ஜன்னலோரம் கேட்டேன், காற்றில் இறகு கலைந்துவிடும் என்று மறுத்துவிட்டார். முன்சீட்டுக் குழந்தை ஒன்று கையை நீட்டி வாலைப் பிடிக்கப் பார்த்தது. அப்பா அதட்டிய அதட்டலில் அது வீறிட்டது. அதன் தாய் எங்களைத் திட்டிக்கொண்டே எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒன்றுக்கு வந்தது. சொன்னால் யார் வாலைப் பிடிப்பது என்று கேட்பார் என்று தெரியும். அரிமளம் வரும்வரை அடக்கிக்கொண்டேன். அம்மா சொன்ன இரண்டு வார்த்தையில் ஒரு வார்த்தைகூட நாங்கள் பேசவில்லை.

அதன் பிறகு வீடு எங்கள் வீடாக இல்லை.

நானும் தம்பியும் படுக்கும் அறையில் சேவலுக்குக் குறுக்குக் கட்டை கட்டினார். கீழே ஆற்றுமணல் கொட்டினார். வெளியே விட்டால் நாய், கீரி. ஓட்டிலிருந்து சாரல் அடிக்கும் என்று ஜன்னலில் அந்தக் குவைத் போர்வையைத் தொங்கவிட்டார். குளிரில் நாங்கள் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு, பூப்போட்ட கம்பளியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்போம். விடியும் முன்பே அது தலைக்கு மேல் நின்று கூவும். நீங்கள் யாராவது சேவலோடு ஒரே அறையில் தூங்கியிருக்கிறீர்களா? தூங்கியிருந்தால் கிராமத்துக் காலை என்று யாரும் கவிதை எழுதமாட்டீர்கள்.

ஓடக்கூடாது, அது மிரண்டு சிறகடித்தால் இறகு ஒடியும். துடைப்பத்தை அங்கிட்டு இங்கிட்டு வீசக்கூடாது. சத்தமாகப் படிக்கக்கூடாது. கம்பும் கேழ்வரகும் கல் பொறுக்கித் தர வேண்டும். அந்த வேலை எனக்கு. வேகவைத்த முட்டையைப் பொடியாக உதிர்த்து வைப்பார். தம்பி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாரத்துக்கு ஒரு நாள் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைக்க அடித்து, அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் வாலை விரித்து, இறகு இறகாகக் கழுவுவார். அந்தத் தாம்பாளம் அம்மாவுக்குச் சீராக வந்தது. கழுவி முடித்ததும் நிழலில் உட்கார்ந்து விசிறியால் வீசிக் காயவைப்பார். அப்போது அவர் சேவலோடு பேசுவார். சாப்பிட்டியா, கால் வலிக்குதா, இன்னிக்கி என்ன ஒரு மாதிரியா இருக்க என்றெல்லாம் கேட்பார். கல் பொறுக்கிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கேசட்டில் வந்த குரல் அதேதான். கேள்வி மட்டும் எனக்கு இல்லை.

பிறகு அந்தச் சாதியிலேயே ஒரு பெட்டையும் வந்தது. அது இட்ட முட்டைகளைக் கரித்துண்டால் குறிபோட்டு அரிசிப்பானையில் வைத்தார். அடைக்கு ஒரு நாட்டுக்கோழியை உட்காரவைத்தார். குஞ்சுகள் பொரித்தன. இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் சந்தோஷம்தான். மற்றக் குஞ்சுகளை விட நீளக் காலோடு, கிழவன் முகத்தோடு இருக்கும். மூக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் என் பாவாடைக்குள் வந்து ஒண்டிக்கொள்ளும். பங்குனி வெயிலில் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழிநோய் வந்து ஒன்றுவிடாமல் செத்துப்போயின. அம்மா அப்போதே சொன்னாள், கால்நடை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போடுகிறார்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று. சேவல்காரர் மருந்து கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் கூடாது. செத்த குஞ்சுகளைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்து, நீதான் கைவைத்துக் கைவைத்துக் கெடுத்தாய் என்று என்னைச் சொன்னார்.

வைகாசியில் கோழிப்பேன் வந்தது. மணலில், கட்டையில், போர்வையில், எங்கள் பாயில். மிளகாய்ப்பொடி தூவினது போல உடம்பெல்லாம் அரிக்கும். தம்பிக்குக் குட்டை முடி, தப்பித்தான். என் தலையில் ஏறிவிட்டது என்று வீட்டில் முடிவாயிற்று. அம்மா வேப்பெண்ணெய் தடவினாள், சீப்பால் இழுத்தாள். சேவலை அந்த அறையை விட்டு மாற்றினால் தீர்ந்தது என்றாள். அப்பா யோசித்தார். யோசித்து அவர் மாற்றச் சொன்னது என் தலையை. அவர் உயிரோடு திரும்பி வந்ததற்குக் குலதெய்வத்துக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லையாம். ஆடியில் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாராம். சாமி பேரைச் சொன்ன பிறகு அம்மா வாயைத் திறக்க முடியவில்லை.

நான் ஆறாம் வகுப்பு. பதினொரு வயதுப் பெண்ணுக்கு மொட்டை என்றால் என்ன என்று உங்களில் பெண்களாக இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் நாவிதர் தண்ணீர் தடவும்போது சடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். அப்பா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மெதுவாகத்தான் பிரித்தார். சேவலின் இறகைப் பிரிக்கிற அதே பக்குவம். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முரட்டுத்தனமாகப் பிடித்து இழுத்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை எழுதப்போவதில்லை. பையன்கள் பையன்களாகவே இருந்தார்கள்.

வரப்போகிற தீபாவளி கழிந்ததும் கொடும்பாளூர்த் தோப்பில் சேவல் வளர்ப்பவர்கள் எல்லோரும் கூடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் கொண்டுபோகும்போது வால் அழுக்காகாமல் இருக்க ஒரு உறை தைக்க வேண்டும் என்றார். தீபாவளிப் பாவாடைக்கென்று அம்மா எனக்கு எடுத்து வைத்திருந்த ஊதா சாட்டின் துணியை டெய்லரிடம் கொடுத்து நீளமாக ஒரு பை தைத்து வந்தார். வழவழப்பாக இருந்தால்தான் இறகு கலையாதாம். அம்மா அன்று சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, நான் எழுந்தபோது மணலில் அந்த நடு இறகுகளில் ஒன்று கிடந்தது. காம்பு காய்ந்து, ரத்தம் எதுவும் இல்லாமல், தானாக உதிர்ந்திருந்தது. சேவல் மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குஞ்சு செத்ததற்கே நான்தான் காரணம் என்றவர் இதற்கு என்ன சொல்வார்? இறகை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு இறகு குறைந்தது தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். குழந்தை புத்தி. அடுத்த நாள் மற்றதும் விழுந்தது. அதையும் உள்ளே வைத்தேன்.

அப்பா தேடிய தேடல் இருக்கிறதே, ஆளே காணாமல் போன மாதிரி. கூரைக்கு மேல் ஏறிப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மிரட்டினார். கடைசியில் என் பெட்டியைத் திறந்தார். மடித்துவைத்த துணிகளுக்குக் கீழே இரண்டு இறகுகளும் வளைந்து படுத்திருந்தன. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முடி முளைத்துக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடி முடிந்ததை நான் பார்த்தேன்.

"முடிய எடுத்ததுக்குப் பழிவாங்கிட்ட" என்றார்.

நான் இல்லை என்றேன். தானாக விழுந்தது என்றேன். இந்தச் சேவலுக்கு வால் விழாது என்று அவருக்குத் தெரியுமே! பொய் வேறயா என்றார். பின்னாலேயே மற்ற இறகுகளும் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. அவர் கண் முன்னாலேயே, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில்கூட விழுந்தன. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. நடு இறகு இரண்டையும் நான் பிடுங்கியதில் வேர் ஆடிப்போய் மற்றதும் விழுகிறதாம். இப்படி ஒரு புத்தியோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மா எனக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசினாள். "புடுங்கினாத்தான் என்னங்க? புள்ள தலைய வழிச்சப்ப யாரு கேட்டா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா, நான் புடுங்கல என்றேன். நீ சும்மா இரு என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

"இவ இங்கிட்டு இருந்தா ஒங்க சேவலுக்கு ஆபத்துதான். அடுத்த வருசம் புதுக்கோட்டையில ஹாஸ்டல்ல விட்டுருவோம். அங்க படிச்சிட்டுக் கெடக்கட்டும்."

பொட்டைப் பிள்ளைக்கு வெளியூர்ப் படிப்பு எதற்கு என்று முன்பு ஒருமுறை அடித்துப் பேசியவர் அப்பா. இப்போது தலையை ஆட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு சேவலுக்காகப் பெற்ற தாயும் தகப்பனும் என்னை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தக் கார்த்திகை மழை முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை. முன்பும் பேசியவர் இல்லைதான். ஆனால் இப்போது பேசாமல் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்று பேசாமல் இருந்தார்.

தோப்புக்கு அவர் போகவில்லை. சாட்டின் உறை ஆணியில் தொங்கியது. மாசிக்குள் சேவலுக்கு வால் பழையபடி முளைத்து, முன்னைவிட நீளமாகவே தொங்கியது. பிடுங்கினதைக்கூட வளர்த்துக் காட்டிவிட்டேன் பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

ஜூனில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், அதோடு சேர்ந்த விடுதி. அம்மாதான் கொண்டுவந்து விட்டாள். தேங்காய் எண்ணெய், சீப்பு, புது ரிப்பன் எல்லாம் வாங்கிக் கொடுத்தாள். ரிப்பன் கட்ட முடி இன்னும் வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். முதல் மாதம் அழுதேன். அழுதது வீட்டுக்காகவா கோபத்தினாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடுதிச் சாம்பாரில் வண்டு மிதக்கும். குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் ராத்திரி சேவல் கூவாமல் தூங்கினேன். சத்தமாகப் படித்தால் யாரும் அதட்டவில்லை. கணக்கு டீச்சர் என் நோட்டை எடுத்து வகுப்புக்குக் காட்டினார். யாருக்கும் நான் மொட்டைச்சி இல்லை, வால் பிடுங்கியவளும் இல்லை. புரட்டாசி வருவதற்குள் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பிடித்துப்போனதே எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. கோபப்படக் காரணம் குறைகிறதே என்று.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், பார்வையாளர் வரும் நாள் இல்லாத ஒரு நாள், வார்டனம்மா என்னைக் கூப்பிட்டார். கேட்டில் அப்பா நின்றார். சட்டையில் பஸ் தூசி. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் முறுக்கோ கடலை மிட்டாயோ கொண்டுவருவார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"வாலு கொட்டிப்போச்சு ஆத்தா" என்றார்.

"எப்ப?"

"போன வாரத்துலருந்து. ஒண்ணொண்ணா." வேட்டி நுனியைப் பிடித்து எதையோ சுரண்டினார். "நீ இங்கதான இருக்க."

மேலே ஏதாவது சொல்வார் என்று நின்றேன். தெருவில் ஒரு சோடா வண்டி போனது. அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை தூரம் பஸ் ஏறி, ஒரு வருஷம் கழித்து வந்து, சேவலின் வால் கொட்டிய செய்தியை மட்டும் சொல்கிறார். அதற்கப்புறம் ஒரு வாக்கியம் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். அந்த வாக்கியம்தான் அவர் வாயில் வரவில்லை.

"பெட்டிய எடுத்துக்க" என்றார் கடைசியில். "வார்டன்ட்ட நான் பேசிக்கிறேன். வீட்டுக்குப் போவோம்."

"நான் வரல."

"ஏன்?"

"பரீட்ச இருக்கு."

"முடிச்சிட்டு?"

"முடிச்சிட்டும் இங்கதான் படிப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. என் தலையைப் பார்த்தார். முடி அப்போது காதுக்குக் கீழே வந்து, இரண்டு பக்கமும் குட்டையாகக் கட்டியிருந்தேன். கம்பிக்குள் கையை விட்டுத் தொடுவார் போல இருந்தது. தொடவில்லை. நான்தான் சொன்னேன், "அம்மாட்ட சொல்லுங்க, நான் புடுங்கலன்னு." சொல்றேன் என்றார். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்த்தாரோ தெரியாது. பார்த்திருந்தாலும் நான் அங்கே இல்லை. உள்ளே ஓடிவிட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். வால் இல்லாத சேவல் முற்றத்து ஓரத்தில், பாதி மொட்டையாக, முளைக்குருத்து மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஏனோ அறையிலிருந்து அதை வெளியே மாற்றியிருந்தார்கள். தம்பி தெருவில் போய் வெடி வெடித்தான், சேவல் மிரளும் என்று வீட்டு வாசலில் தடை. பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த புது மருமகளிடம் அம்மா என்னைக் காட்டி, "இவதான் வாலைப் புடுங்கின மூத்தவ" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, அவர் சொல்லவில்லை.

அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படிக்குப் போனேன். நானே சொல்லிவிடுவது என்று போனேன். இந்த வருஷமும் வால் விழுந்ததே, நான் இங்கே இல்லையே, போன வருஷம் மட்டும் எப்படி நான் என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

அம்மா கரண்டியால் ஒரு அதிரசத்தைத் திருப்பிப் போட்டாள்.

"கோழின்னா எறகு கொட்டாதா? எனக்கு அப்பவே தெரியும்டி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?"

"சொன்னா? சேவல்காரன் வேற மாதிரி சொன்னான்னு ஒங்கப்பா ஆடுவாரு. நீயும் இங்கயே கல்லு பொறுக்கிக்கிட்டு, பேனெடுத்துக்கிட்டுக் கெடப்ப. வேற எப்புடி ஒன்னைய அங்கிட்டு அனுப்புறது?"

நீங்கள் இந்த இடத்தில் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் கும்பிட்டுவிட்டார்கள். என் கணவர்கூட, எவ்வளவு சாமர்த்தியம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது அவள் முன்கூட்டியே போட்ட திட்டமா, நான் கேட்டதும் வாயில் வந்த பதிலா என்றே எனக்கு இன்னும் நிச்சயமில்லை. திட்டமென்றே வைத்துக்கொள்வோம். என் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஹாஸ்டலில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்? காரியம் முடிந்த பிறகாவது அந்தக் கதையை நிறுத்தியிருக்கலாமே. பக்கத்து வீட்டு மருமகளிடம் ஏன் சொன்னாய் என்று கேட்டேன். சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு என்றாள். அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதது போல ஒரே வீட்டில் தீபாவளி கொண்டாடினோம்.

இதையெல்லாம் அன்று என்னால் இப்படிக் கோத்துச் சொல்ல முடியவில்லை. அடுப்புச் சூட்டில், எண்ணெய்ப் புகையில் நின்றேன். அம்மா சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பேசிக்கிட்டே நிக்காத. சேவலுக்குத் தண்ணி வச்சிட்டு வா."

நான் நகரவில்லை. "நீயே வச்சுக்க" என்றேன்.

அப்படி ஒரு வார்த்தையை நான் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டியை என் கையில் கொடுத்தாள். "கருகாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு அவளே முற்றத்துக்குப் போனாள்.